அண்ணியின் இருமல்

செம்பூர், மும்பை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குக் காரணம் அண்ணி. நுரையீரலில் புற்றுநோய். பஸ் ஸ்டாப்பில் யாராவது பீடி பற்றவைத்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நிற்கிற மனுஷி! விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் "அண்ணன் சிகரெட் பிடிப்பாரோ?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அவரும் தொட்டதில்லை.

முதலில் காசநோய் என்றார்கள். எக்ஸ்ரேயில் ஒரு திட்டு, விடாத இருமல். நம் ஊரில் வேறென்ன நினைப்பார்கள்? சளியைக்கூடச் சரியாகச் சோதிக்காமல் நாலு மாதம் டிபி மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதுதான் மிச்சம். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்புறம் வேறு இடத்தில் பயாப்ஸி. அடினோகார்சினோமா, புகைக்காதவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வகைதான் வருமாம். ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறது. 'மரபணு' என்றதும் அண்ணி மகள் காவ்யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்போ எனக்கும் வருமா?" டாக்டரம்மா எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் ஒரு செல்லை வரைந்து காட்டினார். பிறவியில் வந்ததில்லை, பின்னால் கட்டிக்குள் ஏற்பட்ட பிழை. பரம்பரையாக வருவது மிக அபூர்வம் என்றார். அந்த உறையைக் காவ்யா பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

பெண்கள், புகைக்காதவர்கள், ஆசியக்காரர்கள், இவர்களிடம்தான் இந்தப் பிழை அதிகம். 2004-ல் கண்டுபிடித்தார்கள். அந்தப் புண்ணியத்தில் அண்ணிக்கு இப்போதைக்குக் கீமோ இல்லை, தினம் ஒரு மாத்திரை. அதன் பக்கவிளைவு, ஐம்பத்தெட்டு வயதில் முகமெல்லாம் பரு. "கல்யாணத்துக்கு முன்னாடிகூட இப்படி வந்ததில்லை" என்று கண்ணாடி முன் அவளே சிரிக்கிறாள்.

நீ ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருந்தாயே, அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். நுரையீரல் கட்டிகளிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அது செல்களை வளரத் தூண்டுகிறது. மனிதர்களிடம் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2009-ல் வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களில் நுரையீரல் புற்று வந்தவர்கள் பெரிதாகக் கூடவில்லை, ஆனால் அதனால் இறந்தவர்கள் கூடுதல். உன்னுடையது எந்த வகை என்று சீட்டைப் பார். நீயாக நிறுத்தித் தொலைக்காதே, உன் டாக்டரிடம் கேள்.

அண்ணிக்கு வாய்ப்புண் வேறு. மாட்டுங்காவில் கிடைக்கும் மணத்தக்காளி வற்றல் ஒரே உப்பு. உன் வீட்டு வற்றல் இருந்தால் கால் கிலோ அனுப்பு.

உன்
வசந்தா