கட்டத்துக்குக் கீழே நாலு வாக்கியம் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வார இதழின் இத்தாலிய மொழிப் பாடத்தைப் பலெர்மோவில் இருந்து வாசிக்கிறேன். இங்கே புதிதாக வரும் எங்கள் ஆட்களுக்கு மாலையில் இத்தாலியம் சொல்லிக்கொடுப்பவள் நான். சென்ற பாடத்தில் 'அந்தாரே', அதாவது போதல், வந்திருந்தது. வாதோ, வாய், வா, அந்தியாமோ, அந்தாத்தே, வான்னோ என்று நிகழ்கால வடிவங்கள் ஆறையும் கட்டம் போட்டு அச்சிட்டு முடித்துவிட்டீர்கள். நடுவில் உருவமே மாறிப்போகிற வினை, கட்டம் தேவைதான். ஆனால் எங்கள் ஆட்கள் மாட்டுப்படுவது அங்கே இல்லை. (ஏவலில் 'வா' என்றால் போ என்பதற்கு இரண்டு நாள் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.)

ரோமுக்கு, இத்தாலிக்கு, மருந்துக்கடைக்கு என்று தமிழில் ஒரு '-க்கு' போதும். இங்கே அப்படி விடமாட்டார்கள். ஊருக்கு 'ஆ ரோமா'. நாட்டுக்கு 'இன் இத்தாலியா'. ஆளிடம் போவதென்றால் 'தா' வேண்டும்: வைத்தியரிடம் போகிறேன் என்பது 'வாதோ தால் மேதிக்கோ'. வீட்டுக்கு 'ஆ காசா', மருந்துக்கடைக்கு 'இன் ஃபார்மச்சீயா', பல்லாரோ சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால் 'ஆல் மெர்க்காத்தோ'. இதற்கெல்லாம் விதி சொல்லி முடியாது. இடத்தோடு சேர்த்தே வாயில் ஏற்ற வேண்டும்.

இறந்தகாலம் இன்னும் சங்கடம். இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து மலைக்குப் போனேன் என்று தமிழில் யார் சொன்னாலும் 'போனேன்'தான். இங்கே நான் 'சோனோ அந்தாத்தா', என் கணவர் 'சோனோ அந்தாத்தோ'. பெண்கள் பலர் வீட்டு ஆண்கள் பேசுவதைக் கேட்டே பழகியதால் 'அந்தாத்தோ' என்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் 'சோனோ'வை விட்டு, ஆங்கில 'have'க்கு ஈடான 'ஓ'வைப் போட்டு 'ஓ அந்தாத்தோ' என்கிறார்கள். அதைத் திருத்துவதுதான் பெரும்பாடு.

இத்தாலியக் குடியுரிமைக்கு 2018 முதல் மொழியில் பி1 நிலைச் (இடைநிலை) சான்றிதழ் வேண்டும். நீண்டகால வதிவிட அனுமதிக்கு அதற்குக் கீழ்நிலையான ஏ2 போதும். இரண்டுக்கும் படிக்கிறவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டிவைப்பவர்களும் அவர்கள்தான். கட்டத்தை மனப்பாடமாகச் சொல்கிற அதே ஆள், நேற்று எங்கே போனீர்கள் என்று கேட்டால் விழிக்கிறார்.

அடுத்த கிழமை 'வெனீரே', வருதல், என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கும் இறந்தகாலத்தில் 'சோனோ'தான், ஆண் பெண் வேறுபாடும் அப்படியே. கட்டத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் வாக்கியங்களுக்கு இடம் கிடைக்கும்.

ஒரு வாசகி,
பலெர்மோ