ஒரே வேதம், இரண்டு படைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலை நாட்டுச் சுதந்திரம் முழுவதுமே கிறிஸ்தவத்தின் கொடை என்று ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி உண்மை. அமெரிக்க அடிமை முறையின் கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் மீதி தெரியும்.

பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் 1688-லேயே குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர் அடிமை வணிகத்தை எதிர்த்து மனு எழுதினார்கள். அதே பைபிளைக் கொண்டு தென்மாநிலப் போதகர்கள் அடிமை முறையை நியாயப்படுத்தினார்கள். அடிமை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற சண்டையில்தான் 1845-ல் பாப்டிஸ்டு என்ற கிறிஸ்தவச் சபையின் தென்மாநிலத்தார், அதாவது தெற்கு பாப்டிஸ்டுகள், தனியே பிரிந்தார்கள். அடிமை முறைக்குத் துணைநின்றதற்காக அவர்கள் மன்னிப்புக் கேட்டது 1995-ல்! நூற்றைம்பது ஆண்டு தாமதம்.

இன்னொன்று. பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்கென்று 1807-ல் லண்டனில் ஒரு சுருக்கப் பைபிள் அச்சானது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மோசே மக்களை மீட்டு வரும் பகுதி அதில் இல்லை. நம் தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பில் அந்தக் கதை வரும் நூலுக்கே 'விடுதலைப் பயணம்' என்றுதான் பெயர். வேதம் விடுதலை தரும் என்பதை, அந்தப் பகுதியை வெட்டியவர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள் போலும்.

அடிமை முறையை முன்னிட்டு அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச்சில், இரு தரப்பும் ஒரே பைபிளைப் படித்து ஒரே கடவுளிடம்தான் வேண்டுகின்றன என்றார் அன்றைய அமெரிக்க அதிபர் லிங்கன். கட்டுரையாளர் இந்த உரையைத் தொடவே இல்லை.

வாசகர்,
நாகர்கோவில்