முதலில் ஜன்னல்களுக்குப் பணம் ஒதுக்குங்கள்

உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்கும், குறிப்பாக நிதிக்குழுவில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

பழைய வீடுகளில் பெயின்ட் வேலை பார்த்துப் பிழைப்பவன் நான். வீடுகளில் இருக்கும் ஈயப் பெயின்டை அகற்ற நீங்கள் நிதி ஒதுக்குவீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்தப் பணம் எந்தக் கட்டத்தில் கைக்கு வரும் என்பதுதான் என் கவலை.

பல இடங்களில் இது நடக்கும் வரிசை இப்படி: ஒரு குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், ஈயம் இருப்பது தெரிகிறது, அதற்குப் பிறகுதான் அதிகாரி வீட்டைப் பார்க்க வருகிறார். அப்புறம் நோட்டீஸ், அப்புறம் விண்ணப்பம், கடைசியில் பணம். வீட்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் குழந்தையின் ரத்தத்தையே கருவியாக வைத்திருக்கிறோம். மருந்து கொடுத்தால் ரத்தத்தில் ஈயத்தின் அளவு இறங்கும். மூளைக்கு நேர்ந்த சேதத்தை அந்த மருந்து சரிசெய்யாது. எலும்பில் போய்ப் படிந்த ஈயமோ பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார அமைப்பு.

பழைய மர ஜன்னல் ஒன்றைத் திறந்து, அடியில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். சட்டமும் நிலையும் உரசும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து, ஒவ்வொரு தலைமுறையும் அடித்த நிறம் அடுக்கடுக்காகத் தெரியும். பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் நைசான தூள் கிடக்கும். தினமும் திறந்து மூட, அது தரையில் இறங்கிக்கொண்டே இருக்கும். தவழும் குழந்தை தரையில் கையை ஊன்றும், அதே கையை வாயில் வைக்கும். பெயின்ட் செதிலைக் குழந்தை பிய்த்துத் தின்றால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். இந்தத் தூளே போதும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடலில் சேர்வதைப் போல நாலைந்து மடங்கு சின்னக் குழந்தைகள் உடலில் சேரும்.

அதனால் வீடு முழுக்கச் சுரண்ட வேண்டும் என்று பயந்து கணக்குப் போடாதீர்கள். உரியாமல் விரிசல் விடாமல் நன்றாக இருக்கும் சுவரை இப்போதைக்கு அப்படியே விட்டுக் கண்காணிக்கலாம். ஜன்னல், கதவு நிலை, படிக்கட்டு, உரியத் தொடங்கிய இடங்கள் இவற்றில் முதலில் கை வையுங்கள். அதே பணத்தில் கூடுதல் வீடுகளை முடிக்கலாம்.

ஆனால் குறைந்த டெண்டருக்கு மட்டும் மயங்கிவிடாதீர்கள். உலர்ந்த பெயின்டில் உப்புத்தாளோ மெஷினோ போட்டுத் தேய்த்தால் வேலை சீக்கிரம் முடியும், வீடு முழுக்க ஈயத்தூள் பறக்கும். தீ வைத்து உருக்கினால் புகையிலேயே ஈயம். இப்படிச் செய்வதைவிடச் சும்மா விடுவது மேல். தரையில் பாலிதீன் விரித்து, தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, நுண்ணிய வடிகட்டி உள்ள வேக்குவம் போட்டு எடுக்க நேரமும் செலவும் ஆகும். அந்த நாட்களில் வீட்டுக்காரர்கள் வேறெங்காவது தங்க வேண்டும். அந்தச் செலவும் உங்கள் கணக்கில் வரட்டும். முடிந்ததும் தரையையும் ஜன்னல் திண்டையும் துடைத்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அதுவும் எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஆள் மூலமாக. என் வேலைக்கு நானே மார்க் போட்டுக்கொள்ளக் கூடாது இல்லையா?

ஈயப் பெயின்டைத்தான் எப்போதோ தடை செய்தாயிற்றே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1921-லேயே, கட்டடத்தின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் (பெயின்டில் கலக்கும் ஈய வெண்ணிறமி) அடிப்பதற்கு எதிராக ஒப்பந்தம் கொண்டுவந்தது. என்னைப் போன்ற பெயின்டர்களைக் காப்பாற்றத்தான். அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் 1978-ல் தடை போட்டது. இந்தியா 2016-ல் விதி வகுத்து 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு ஈயம் என்று வரம்பு வைத்தது. சரி, இவையெல்லாம் இனி அடிக்கப்போகும் பெயின்டுக்கு. ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டதை எந்தத் தடையும் இறக்கிவிடாது.

குழந்தை பாதிக்கப்படும் வரை காத்திராத ஊர்களும் இருக்கின்றன. நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரம் 2005-ல் ஒரு சட்டம் போட்டு, பழைய வாடகை வீடுகளுக்கான வழக்கமான சோதனையிலேயே ஈயப் பெயின்டையும் சேர்த்தது. பணத்துக்கு எங்கே போவது என்றால், கலிஃபோர்னியாவைப் பாருங்கள். சான்டா கிளாரா கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 2000-ல் தொடங்கிய வழக்கில் மற்ற உள்ளாட்சிகளும் சேர்ந்துகொண்டு, பெயின்டையும் அதற்கான ஈய நிறமிகளையும் விற்ற மூன்று நிறுவனங்களிடமிருந்து 2019-ல் 30.5 கோடி டாலர் தருவதாக ஒப்புதல் வாங்கின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு 19 வருஷம் ஆனது. அந்த வழக்கு தொடங்கியபோது தவழ்ந்த குழந்தைகள் அதற்குள் ஓட்டுப்போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். வழக்குப் போடுவதாக இருந்தால் போடுங்கள், அதுவரை உங்கள் சொந்த நிதியைப் பூட்டி வைக்காதீர்கள்.

வாடகை வீடுகளுக்கு இன்னும் ஒன்று. பொதுப்பணத்தில் புது ஜன்னல் போட்டுக்கொண்டு, மறுமாதமே வாடகையை ஏற்றிக் குடியிருப்பவரை வெளியேற்றினால் யாருக்காகச் செலவழித்தோம்? சில வருஷங்களுக்கு வாடகையை ஏற்றக் கூடாது, சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கே முன்னுரிமை என்று எழுதி வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.

இந்த உதவிக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்ற விதியில் ‘ரத்தப் பரிசோதனை அறிக்கை இணைக்கப்பட வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தால், அதை எடுத்துவிடுங்கள். வீட்டின் வயதும் ஜன்னல் தூளின் ஆய்வு அறிக்கையும் போதும் என்று மாற்றி எழுதுங்கள்.