எங்கள் சட்டி எண்ணெயிலும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள்

வினையூக்கி (தான் தீராமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்), உயிரி எரிபொருள், மக்கும் பாலிமர் என்று ஆய்வு செய்யும் வேதியியலாளர்களுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தின் இந்த எல்லையோரத்தில் தமிழ்வழி வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கரும்பலகையில் நான் ‘வினையூக்கி’ என்று எழுதும்போது பக்கத்து மலையாள வகுப்பில் ‘உல்ப்ரேரகம்’ என்று கேட்கும். உங்கள் கட்டுரைகளை முடிந்தவரை வாசிக்கிறேன். எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலின் விளைச்சல் 95%, 98% என்று பார்க்கும்போது சந்தோஷம்தான். ஆனால் எந்த எண்ணெயில்?

என் தம்பி நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறான். காய் பாதி வெந்ததும், உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரைக் காயும் எண்ணெய்க்குள்ளேயே தெளிப்பான். சடசடவென்று பொங்கி அடங்கும். ருசி அதில்தான். கேடும் அதில்தான். அந்தச் சூட்டில் தண்ணீர் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடுகிறது. பயோடீசல் செய்ய அப்படிப்பட்ட எண்ணெயில் மெத்தனாலோடு சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால், அது வினையூக்கி வேலையை விட்டுவிட்டு அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும்.

பள்ளி ஆய்வகத்தில் ஒருமுறை செய்து காட்டினேன். புதுத் தேங்காய் எண்ணெயில் அழகாக இரண்டு அடுக்கு: மேலே தெளிந்த எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மம், இங்கே அதுதான் பயோடீசல்), அடியில் கிளிசரின். தம்பி கடை எண்ணெயில் குடுவை முழுக்கக் கஞ்சி. பிள்ளைகள் சிரித்தார்கள். (மெத்தனால் விஷம், கண்ணைப் பறிக்கும். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.)

இந்த எண்ணெயை முதலில் கந்தக அமிலம், அப்புறம் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் என்று இரண்டு கட்டமாகச் செய்யலாம் என்பது தெரியும். அந்த அமிலக் கழிவை எந்த வாய்க்காலில் விடுவது? அதனால்தான் வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படுத்தக்கூடிய திட அமில வினையூக்கிகள் மேல் எனக்கு நம்பிக்கை. முட்டை ஓட்டைச் சுட்டு எடுக்கும் கால்சியம் ஆக்சைடும் நல்ல யோசனைதான், நாமக்கல் முட்டைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் அமிலம் மிகுந்த எண்ணெயில் அதுவும் சோப்பாகத்தான் போகும். எனவே உப்பும் மஞ்சளும் காய்த்துணுக்கும் கிடக்கும் எண்ணெயில், ஐந்தாம் முறை, பத்தாம் முறை உங்கள் வினையூக்கி என்ன ஆகிறது என்று எழுதுங்கள். பொரித்த எண்ணெயில், அது கெடக் கெடச் சேரும் துருவச் சேர்மங்கள் 25% தாண்டக் கூடாது என்ற விதி 2018-லேயே வந்துவிட்டது. தம்பி எண்ணெயை மாற்றுகிறான். மாற்றிய பத்து லிட்டரை எடுக்க எந்த வண்டியும் வருவதில்லை.

அடுத்தது கப். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், மக்கும் என்று அச்சடித்த கண்ணாடி போன்ற கப்பில் சூடாகப் பாயசம் ஊற்றினார்கள். கையிலேயே குழைந்து சாய்ந்தது. அந்தக் கப்பைச் செய்த பிளாஸ்டிக்கான பாலிலாக்டிக் அமிலம் 60 டிகிரி பக்கம் இளகிவிடும், குளிர்ந்த ஜூஸுக்கான கப் அது. நான்கை எடுத்து வந்து தென்னந்தோப்பு எருக்குழியில் புதைத்தேன். இன்றும் எழுத்தைப் படிக்கலாம். இந்த வகைக் கப்புக்கு மக்கும் என்று சான்று தரும் சோதனை நடப்பது 58 டிகிரியில். என் குழியில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், 34. கப்பைக் கவிழ்க்கிற சூடு இருந்தால்தான் கப் மக்கவும் செய்யும் போலிருக்கிறது!

வீடு வீடாகப் பிளாஸ்டிக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனை அக்கா வீட்டுக்கு வந்தபோது, “மாஷே (ஆசிரியரே), இதை எந்தச் சாக்குல போடட்டும்?” என்று கேட்டார். மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்தால் மறுசுழற்சி கெடும், குழியில் போட்டால் கிடக்கும். எனக்குப் பதில் தெரியவில்லை.

உங்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். எண்ணெயும் எஸ்டர், இந்தக் கப்பும் எஸ்டர் சங்கிலி. மெத்தனாலும் துத்தநாக வினையூக்கியும் கொண்டு இதை மெத்தில் லாக்டேட் என்ற பயனுள்ள சிறு எஸ்டராகத் திருப்பலாம் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். அதைக் கழுவித் துடைத்த கப்பில் இல்லாமல், பாயசம் ஒட்டிய கப்பில் செய்து பாருங்கள்.

தம்பி வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் மாற்றுகிறான். கேன் கொண்டு வந்தால் காசு வாங்காமல் தருவான். நான்கு கப்பும் குழியில்தான் இருக்கின்றன, தோண்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்