பாய் பீரோலதான் இருக்கு

மவனே, வாப்பா, நல்லா இருக்கியா, சாப்பிட்டியா. அங்க வெயில் கூடிருச்சுன்னு டிவில சொன்னாங்க, தண்ணி நெறைய குடி. நாலு வெள்ளிக்கிழமையா உன் போன் இல்ல, வேல ஜாஸ்தியா இருக்கும்னு உன் வாப்பாகிட்ட நானே சொல்லிக்கிட்டேன்.

இங்க மாசி அறுப்பு முடிஞ்சுது. வாய்க்கா ஓரத்துல நீ லீவுக்கு வந்தப்ப கிழங்கு ஊனுனியே, அந்தக் கோரைதான், என் நெஞ்சு உசரத்துக்கு மேல வந்துருச்சு. முத்திட்டா ஒடியும்லா, அதான் பச்சையிலேயே அடியோட அறுத்து அன்னைக்கே கிழிச்சுக் காயப் போட்டோம், மறுநாளே மழ புடிச்சுக்கிட்டு, ஓடி அள்ளியும் ஒரு கட்டு நனைஞ்சு கருத்துப் போச்சு, அது இனி முரட்டுப் பாய்க்குத்தான். மீதிய ஆத்துல ஊறப் போட்டிருக்கு. ஓடுற தண்ணியில ஒரு வாரம் கெடந்து உப்பணும், அவசரப்பட்டு எடுத்தா மெல்லிசா கிழிக்க வராது, உனக்குத் தெரியாததா.

உன் நிக்காஹ் பாய்க்கு நான் கிழிச்ச கோரை நூல் மாதிரி இருந்துச்சு, ரெண்டு மாசம் குனிஞ்சு நெய்ஞ்சேன், உன் பேரும் அவ பேரும் செவப்புல. 1953ல இங்கிலாந்து ராணி பட்டம் கட்டுனதுக்கு பத்தமடைப் பாய் போச்சுன்னு ஊரே பெருமை பேசும், எனக்கு உன் பாய்தான் பெருசு.

அது பீரோலதான் இருக்கு. அவ போறப்ப எடுத்துட்டுப் போகல. நீயும் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. பெத்த உம்மாகிட்ட கூட சொல்லக் கூடாதா. சரி விடு, தண்ணி குடி, ராத்திரி முழிக்காத. பெருநாளும் வருது.

வாப்பா ஒண்ணு சொல்லணும். அவ ஆசையா தறியில வந்து உக்காந்தா, அச்சு அடிக்கையில பாவு நூல் ரெண்டு அறுந்துச்சு, நான் பக்கத்து வீட்டுக்காரங்க முன்னால "உன் உம்மா என்னத்தத்தான் கத்துக் குடுத்தா"ன்னு கேட்டுட்டேன். அவ ஒண்ணும் பேசல, வெரல் நடுங்க அந்த ரெண்டு நூலையும் முடிஞ்சா. முடிச்சு இன்னும் தறியில இருக்கு, மறு வாரம் போயிட்டா. உன்கிட்ட அவளா கோவிச்சுட்டுப் போனான்னு சொன்னேன்ல, அது பொய். நீ அத நம்பித்தான் அவகிட்ட பேசாம இருக்கியோன்னு எனக்குத் தூக்கம் வரல.

நீ பேசு. இல்ல, மொதல்ல நான் பேசுறேன். என்கிட்ட உள்ள அவ நம்பருக்கு அடிச்சா போக மாட்டேங்கு, புது நம்பர் இருந்தா அனுப்பு.