தாத்தாவின் கணக்கு பேத்திக்குத் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா தவில்காரர். நாற்பது வருஷத்துக்கு மேல் கோயில், கல்யாணம் என்று வாசித்தவர். நான் வங்கி வேலைக்குப் போய்விட்டேன். என் மகள் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இளங்கலை முடித்துவிட்டு இப்போது அமெரிக்காவில் முதுகலை படிக்கிறாள், உயிரியல்தான், இசைக்கும் அவள் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை மாணவரும் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவைச் சேர்ந்த, வெண்கல வாத்தியங்கள் நிறைந்த கமெலான் என்ற இசைக்குழுவில் சேர்ந்து வாசிக்கலாமாம், அதற்கு மதிப்பெண்ணும் உண்டாம். சேர்ந்துவிட்டாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும், வாத்தியத்தைத் தாண்டக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம்தான். சின்ன வயதில் தவிலைத் தாண்டினால் முதுகில் ஒன்று விழும். ஸ்லெண்ட்ரோ என்ற சுர முறையில் ஐந்து சுரம், பெலோக் என்ற இன்னொரு முறையில் ஏழு, ஒரு தொகுதி வாத்தியங்களின் சுருதி தங்களுக்குள் மட்டும்தான் சேரும், இன்னொரு தொகுதியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து நடுவில் வைக்க முடியாது, தாளத்தின் ஒவ்வொரு சுற்றும் கோங் என்ற பெரிய வெண்கல வாத்தியத்தின் அடியில் வந்து முடியும், முன்னால் நின்று கை அசைக்க ஆள் கிடையாது, மத்தளக்காரர்தான் எல்லோரையும் நடத்திப் போவார் என்று போனில் சொல்லிக்கொண்டே போனாள்.

அப்புறம் ஒரு நாள் ஆசிரியர் அவளிடம், உங்கள் ஊர்த் தாளக் கணக்கு ஒன்று சொல் என்றிருக்கிறார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவே கூப்பிட்டாள். "அப்பா, தாத்தா தொடையில தட்டிக்கிட்டே தகிட தகதிமின்னு சொல்வாரே, அது எத்தனை?" மூன்றும் நான்கும் ஏழு என்றேன். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த பெண், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அத்தனை தூரம் போக வேண்டியிருந்தது.

இங்கே படித்த மூன்று வருஷமும் ஆண்டு விழா என்றால் பென்டிரைவில் சினிமாப் பாட்டு, அதற்கு ஆட்டம். ஒரு வருஷம் இவளும் தோழிகளும் பறை வாசிக்கிறோம் என்று கேட்டதற்கு, அது சாவு மேளம், விழாவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

நம் இசையை வெளியூர்க்காரர்கள் எப்படிப் படித்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களிலேயே ராபர்ட் பிரவுன் உலக இசைப் படிப்பைத் தொடங்கினார், அவரே மிருதங்கம் கற்றவர். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்த ஜான் ஹிக்கின்ஸ் இங்கே வந்து கச்சேரி பாடினார், பாகவதர் என்றே நம் ரசிகர்கள் அவரை அழைத்தார்கள். ஒரு இசையை ஆராய்கிறவன் அதைக் கையால் வாசிக்கவும் பழக வேண்டும் என்று அமெரிக்க இசை ஆராய்ச்சியாளர் மேன்டில் ஹூட் 1960லேயே எழுதியிருக்கிறார்.

இசை படிக்க நம் பக்கத்தில் இடமில்லை என்று சொல்லவில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் இசையையே படிப்பாக எடுப்பவர்களுக்கு. பி.காம் படிக்கிற பையனும் வேதியியல் படிக்கிற பெண்ணும் எங்கே போவார்கள்? பிரான்சில் 1982ல் ஆரம்பித்த இசைத் திருவிழா ஜூன் 21ஐ ஒட்டிப் புதுச்சேரியிலும் நடக்கிறது, நம் பிள்ளைகள் அதை போனில் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கடலூர், புதுச்சேரி கலைக் கல்லூரிகளில் எல்லாத் துறைக்கும் பொதுவாக, மதிப்பெண்ணோடு, வாசிக்கிற வகுப்பு ஒன்று வேண்டும். நாதஸ்வரம், தவில், பறை சொல்லித்தர இந்தப் பக்கத்திலேயே கலைஞர்கள் இருக்கிறார்கள், பட்டச் சான்றிதழ் கேட்டு அவர்களை வாசலிலேயே நிறுத்தாதீர்கள், சம்பளம் கொடுத்து வையுங்கள். கூடவே வெளிநாட்டு மரபு ஒன்றும் இருக்கட்டும். கமெலான் வெண்கலம், விலை அதிகம், சரி. கானா நாட்டு ஏவே மக்களின் இசைக்கு ஒரு இரும்பு மணி, சில முழவுகள், குலுக்கி வாசிக்கிற ஒரு கிலுகிலுப்பை இருந்தால் ஆரம்பித்துவிடலாம், காலம் காட்டுவது அந்த மணிதான். வேற்று ஊர் வாத்தியத்தைத் தொட்ட பிறகுதானே என் மகள் தாத்தாவைப் பற்றிக் கேட்டாள்?

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ காலில் அப்பா அவளுக்குத் தகிட தகதிமி மாதிரியான சொற்கட்டு சொல்லித்தருகிறார். அவருக்கு வயது 81, தவில் தூக்க முடியாது, கணக்கு மட்டும் ஒன்றுகூட மறக்கவில்லை. பக்கத்தில் ஏதாவது ஒரு கல்லூரி கூப்பிட்டால் அவருக்குச் சம்பளம் வேண்டாம், வாரம் ஒரு நாள் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தவில் கலைஞரின் மகன்,
கடலூர் முதுநகர்