நாலு கோடு இருந்தும் நகராத நெட்டு

காவேரிப்பட்டணம்
ஞாயித்துக்கிழமை ராத்திரி

மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டாத. அப்பாவுக்கு முட்டி வலி ஜாஸ்தியாயி தோப்புப் பக்கம் போக முடியல, அதனால நான்தான் லீவு போட்டுட்டு வந்து காய் பறிக்கற ஆளுங்களோட நின்னேன், இந்த வருசம் பெங்களூரா மாங்காய்க்கு விலையே இல்லடா, பறி கூலியும் வண்டி வாடகையும் போக கையில என்ன நிக்கும்னு கேக்காத.

அதுல ஒரு விசயம் பாத்தேன். தோப்புக்குள்ள சிக்னல் அரகொறதான், மண்டிக்காரர் போன்ல வெல சொல்றாரு, ஏழாயிரமா எட்டாயிரமான்னு எனக்கே சரியா கேக்கல. அப்பா போன வாங்கி, "டன்னு எட்டாயிரம், அப்ப கிலோ எட்டு ரூவா, பத்து டன்னுக்கு எம்பதாயிரம், சரிதானே?"ன்னு ஒரே வெலைய மூணு விதமா திருப்பிச் சொன்னாரு. அந்தப் பக்கம் "ஆங்"னு வந்தப்புறம்தான் போன வெச்சாரு. பெங்களூர்ல உக்காந்துகிட்டு நான் மாசச் சம்பளம் வாங்கற வேலயே இதுதான்டா, போனுக்கு வர்ற சேதி சரிதானான்னு பாக்கற சாஃப்ட்வேர், அவரு பாட்டுக்கு மாமரத்தடியில பண்ணிட்டுப் போறாரு.

நீ கேட்டியே, பென்னாகரத்துல நாலு கோடு ஃபுல்லா காட்டுது ஆனா நெட்டு நகரலன்னு. பாதி நேரம் அது கூட்டம்தான், ஒரே டவர்ல எல்லாரும் வீடியோ பாத்தா அப்படித்தான். இன்னொண்ணும் இருக்கு. அந்தக் கோடு டவர் சத்தமா கேக்குதான்னு மட்டும்தான் சொல்லும், உனக்குன்னு சொன்ன சேதி புரிஞ்சுதான்னு சொல்லாது. 4ஜில டவர் ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும் முதல்ல ஒரு சின்ன சேதி போடும், இந்த எடத்துல உன் டேட்டா இருக்கு எடுத்துக்க, அந்த எடத்துல நீ அனுப்புன்னு. அதான் கண்ட்ரோல் சேனல். அது புரியலன்னா டேட்டா எவ்ளோ நல்லா வந்தாலும் வீண்.

கூத்து என்னன்னா உன் சேதி எங்க இருக்குன்னு போனுக்கு யாரும் சொல்றதில்ல, இருக்கக்கூடிய எடத்தயெல்லாம் ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாத்துதான் கண்டுபிடிக்கணும், சாதாரணமா ஒரு மில்லி செகண்டுக்கு 44 தடவ வரைக்கும். ஒவ்வொண்ணுலயும் கடைசியில 16 பிட் சிஆர்சி இருக்கும், சேதி தப்பில்லாம வந்துதான்னு சரிபாக்கற நம்பர், அதுமேல உன் போனோட தற்காலிக நம்பர கலந்து வெச்சிருப்பாங்க, பொருந்துனா உன்னுது, இல்லன்னா அடுத்தவனோடதோ வெறும் இரைச்சலோ. உன் கிளாஸ்ல மணின்னு கூப்டா ரமணியும் சிகாமணியும் எந்திரிக்கற கதைதான். நீ கணக்கு வாத்தியார்தானே, போட்டுப் பாரு: 16 பிட்டுன்னா குருட்டாம்போக்குல பொருந்த 65,536ல ஒரு வாய்ப்பு, செகண்டுக்கு 44,000 தடவ தேடுனா மூணு செகண்டுக்கு ரெண்டு பொய்ச் சேதி உள்ள வந்துடும்! அதுல நெறைய உள்ள இருக்கற நம்பருங்க சரியில்லாம கழிஞ்சுடும், ஆனா ஒண்ணு தப்பிச்சு "நீ அனுப்பு"ன்னு சொன்னா போன் இன்னொருத்தன் நேரத்துல பூந்து கத்தும், அவனுக்கும் போச்சு.

இதுக்கு நாங்க செய்யறது, சிஆர்சி பொருந்துனாலும் உடனே நம்பாம, கெடச்ச சேதிய டவர் பண்ற மாதிரியே திரும்ப என்கோட் பண்ணி பிட்டாக்கி, காத்துல வந்த பிட்டோட வெச்சு ஒப்பிட்டுப் பாக்கறது. எத்தன எடத்துல மாறுதுன்னு எண்ணி ஒரு அளவுக்கு மேல போனா தூக்கிப் போடு. கேக்க சுலபமா இருக்கு இல்ல? இரைச்சல்ல இருந்து வந்த பொய்யும் பாதிக்கு மேல ஒத்துப்போகும்டா, ஏன்னா பிட்டுல இருந்து சேதிய பிரிச்செடுக்கற டீகோடர் இருக்கறதுலயே கிட்டத்துல இருக்கறதத்தான் தேடி எடுக்கும். எத்தன மாறுனா தள்ளறதுன்னு கோடு எங்க போடறதுங்கறதுதான் தலவலி.

அந்தக் கோட்ட நான்தான் தப்பா போட்டேன். சிக்னல் நல்லா இருந்தா டவர் சேதிய 72 பிட்டுல சுருக்கி அனுப்பும், மோசமா இருந்தா 576 பிட் வரைக்கும் இழுக்கும், சிஆர்சியோட சேத்து நாப்பது அம்பது பிட் சேதிதான், தப்ப திருத்திக்க கூடுதல் பிட் சேக்கற கன்வல்யூஷன் கோடிங்ல (code) மூணு மடங்காயி அதுவே கிட்டத்தட்ட நாலு தடவ திரும்பத் திரும்ப வரும். அப்ப பிட்டு பிட்டா பாத்தா ஏகப்பட்ட தப்பு இருக்கும், ஆனா சேதி சரியா இருக்கும். நான் 72 பிட்டுக்குப் பாத்து வெச்ச அளவயே எல்லாத்துக்கும் வெச்சுட்டேன். லேப்ல சூப்பரா ஓடுச்சு. தேன்கனிக்கோட்டைல இருந்து அஞ்செட்டி போற காட்டு ரோட்டுல வண்டியில வெச்சு ஓட்டுனப்ப, பழைய சாஃப்ட்வேர் போட்ட போன் தத்தித் தத்தி நெட் எடுக்குது, நான் "இம்ப்ரூவ்" பண்ண போன் மட்டும் ஊமையா கெடக்குது. லாக்க எடுத்துப் பாத்தா நெசமான சேதியெல்லாம் பொய்னு நானே தள்ளியிருக்கேன். கண்டுபிடிக்க ஆறு வாரம், மேனேஜர் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். இப்ப ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனி அளவு, இரைச்சலப் பாத்து கொஞ்சம் ஏத்தி எறக்கறோம்.

5ஜில சிஆர்சிய 24 பிட் ஆக்கிட்டாங்க, கண்ட்ரோல் சேனலுக்கு கன்வல்யூஷனுக்கு பதிலா போலார் கோடுன்னு (code) வேற ஒரு முறை, துருக்கில அரிகான்னு ஒருத்தர் 2009ல பேப்பர் போட்டாரு, பத்து வருசத்துக்குள்ள நம்ம பாக்கெட்டுக்கே வந்துடுச்சு. அது தனிக் கத, நேர்ல சொல்றேன். இதே மாதிரி தப்பு திருத்தற ஹாம்மிங் கோட (code) நாம காலேஜ்ல மனப்பாடம் பண்ணி மறுநாளே மறந்தோமே, அப்ப எவனாச்சும் இது எதுக்குன்னு சொன்னானா?

பாப்பா பத்தாவது போறாளாமே, அதுக்குள்ளயா! அம்மா உங்களுக்குன்னு ஒரு பெட்டி செந்தூரா மாம்பழம் எடுத்து வெச்சிருக்காங்க. செவ்வாக்கெழம காலைல தருமபுரி பஸ் ஸ்டாண்டுல பென்னாகரம் வண்டி கண்டக்டர்கிட்ட குடுத்து விடறேன், போய் வாங்கிக்க. போன தடவ ஒரு பக்கம் மட்டும் பேர் எழுதி மழையில அழிஞ்சு எவனோ எடுத்துட்டுப் போயிட்டான் இல்ல, இந்த வாட்டி நாலு பக்கமும் எழுதிட்டேன், உள்ளயும் ஒரு சீட்டு போட்டிருக்கேன்.

உன்
மாப்ள